சயாம் எல்லையில் என் அண்ணன் செத்த கதை

1

சயாம் எல்லையில் உள்ள சுங்கச் சாவடியில் போன வாரம் ஆள் மாறிவிட்டது. இத்தனை வருசமாக என் லாரியைச் சோதித்துவந்த பிரசித் என்ற அதிகாரிக்கு வடக்கே எங்கேயோ மாற்றல். கிளம்புகிற அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் அண்ணனை நான் மறக்க மாட்டேன். போகிற ஊரிலும் அவர் பேருக்கு ஊதுபத்தி கொளுத்துவேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நானும் தலையை ஆட்டிவைத்தேன். வேறு என்ன செய்ய? என் அண்ணன் அய்யாச்சாமி சூலக்கரைப் பக்கம் கரிசல் காட்டில் மிளகாய்ச் செடிக்குக் களை வெட்டிக்கொண்டு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். அவனுக்குத் தலைவலி வந்ததாகக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

விருதுநகரில் பத்திரிகை நடத்துகிற ஒருவர், கடல் கடந்து போன நம்மூர் ஆட்கள் தாங்கள் பட்ட பாட்டை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எழுத வராது, வண்டி ஓட்டத்தான் வரும் என்று தட்டிக் கழித்தேன். இப்போது எழுதுகிறேன். அண்ணன் என் கடுதாசியை வாங்குவதில்லை. ஆனால் பலசரக்குக் கடையில் யாராவது பேப்பர் வாசித்தால் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து கேட்பான். அந்தக் கடைக்கு இந்தப் பத்திரிகை போகும் என்று எனக்குத் தெரியும்.

2

நான் மலாயாவுக்கு ஏன் வந்தேன் என்பதற்கு ஊரில் நாலைந்து காரணம் உலவுகிறது. பங்காளிச் சண்டை என்றார்கள். சிவகாசியில் ஒரு பெண் விவகாரம் என்றார்கள். சாமியாராகப் போனேன் என்றுகூட ஒருத்தர் சொன்னாராம். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. ரோடு சலித்துப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்போது சிவகாசியில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டினேன். தீப்பெட்டிப் பண்டலும் பட்டாசுப் பெட்டியும் ஏற்றி, திருத்தங்கல் வழியாக வந்து விருதுநகர் கூட்ஸ் ஷெட்டில் இறக்க வேண்டும். வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் மறுபடி ஏற்ற வேண்டும். அதே ரயில்வே கேட், அதே பனை, அதே எருமை. என் லாரிச் சத்தம் கேட்டு அந்த எருமை தலையைக்கூடத் தூக்காது. விருதுநகரில் எண்ணெய்ச் செக்கு சுற்றுகிற மாட்டைப் பார்க்கிறபோதெல்லாம், அதுக்காவது கண்ணைக் கட்டிவிட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா போன பிறகு வீட்டுக்குப் பெரிய ஆள் அண்ணன்தான். ஒருநாள் சாப்பிடுகிறபோது சொன்னேன்.

"அண்ணே, வேற ரோடு பார்க்கணும் போல இருக்கு."

"என்னலே சொல்றே? ரோடு சலிச்சுப் போச்சா? தினம் அதே கம்பஞ்சோறுதான திங்கிறே, அது சலிக்கலையா?"

"அதுவும் சலிச்சுத்தான் போச்சு."

அடுப்படியில் அம்மா சிரித்தது கேட்டது. அண்ணன் சிரிக்கவில்லை.

"சலிச்சா மதுரைக்கு ஓட்டு. தூத்துக்குடிக்கு ஓட்டு. கடலத் தாண்டி எதுக்கு?"

"அங்கன மலையும் காடுமா இருக்காம்ணே. வருசம் பூரா மழை பேயுமாம்."

"மழையைப் பார்க்கப் போறேங்கான். கேட்டியாம்மா? ஊர்ல அவனவன் பொழப்புக்குப் போறான், இவன் மழை பார்க்கப் போறானாம்."

மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த ஒரு முதலாளிக்குப் பினாங்கில் சொந்தக்காரர் கடை இருந்தது. அவரிடம் விசாரித்தேன். "அங்கன காட்டுக்குள்ள துப்பாக்கிக்காரங்க இருக்காங்கப்பா. லாரியை மறிச்சு எரிக்கிறாங்களாம். டிரைவர் வேலைக்கு ஒரு பய வர மாட்டேங்கான்" என்றார். போகாதே என்பதற்காக அவர் சொன்னது. வேலை காலியாக இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த வருசமே நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். அண்ணன் நாகப்பட்டினம் வரைக்கும் வந்தான். கப்பலுக்குப் படகு ஏறுகிற இடத்தில், "அம்மாவுக்கு ஒண்ணுன்னா வந்துருவேல்ல?" என்று கேட்டான். வந்துவிடுவேன் என்று சொன்னேன்.

3

வந்த இடத்தில் நம்மூர் லைசென்ஸ் செல்லவில்லை. பட்டர்வொர்த் ஆபீசில் மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டியதில் குறையில்லை. ஆனால் வெறுங்காலோடு ஓட்டுகிறான் என்று சோதனை செய்த வெள்ளைக்காரர் இறக்கிவிட்டுவிட்டார். சிவகாசியில் பட்டாசு லோடு ஓட்டுகிறவன் செருப்புப் போட மாட்டான். செருப்பில் ஆணி இருக்கும், ஆணி உரசினால் பொறி வரும். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குப் பாஷை இல்லை. ஒரு ஜோடி பூட்ஸ் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் போனேன். பிரேக் எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவே இல்லை. எப்படியோ கொடுத்துவிட்டார்.

அடையாள அட்டையில் என் பேரும் அப்பா பேரும் சேர்ந்து விழுந்தது. கடைசியில் இருக்கிறதுதான் ஆள் பேர் என்று நினைத்து, எந்த ஆபீசுக்குப் போனாலும் 'ராமையா, ராமையா' என்று அப்பாவைக் கூப்பிடுவார்கள். நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். என் முறை தாண்டிப் போய்விடும். அப்பா உயிரோடு இருந்தபோதுகூட அவரை இத்தனை பேர் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு சீன முதலாளியிடம். இங்கே தவுக்கே என்பார்கள். அந்தத் துப்பாக்கிக்காரர்களோடு சர்க்கார் நடத்தின காட்டுச் சண்டைக் காலம் முழுக்க அரிசி லாரி ஓட்டினேன். முன்னாலும் பின்னாலும் பட்டாளத்து வண்டி போகும், நடுவில் நாங்கள் வரிசையாகப் போக வேண்டும், எங்கேயும் நிறுத்தக் கூடாது. அது அடங்கின பிறகு தவுக்கே சயாமுக்கு வண்டி விட ஆரம்பித்தார். போகிறபோது பால் டின்னும் பிஸ்கட்டும், வருகிறபோது கருவாடும் வற்றலும். தமிழ் ஆட்களில் அந்த ரோட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. அதற்கு முந்தின உலகச் சண்டையில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோன தமிழர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர், புருசனை அதில் பறிகொடுத்தவர், நான் சயாம் போகிறேன் என்றதும் என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

தவுக்கே கேட்டார். "எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள், நீ மட்டும் ஏன் கேட்கிறாய்? கூலி கூட வேண்டுமா?"

"இல்லை. பார்க்க வேண்டும்."

அவர் என் அண்ணனைப் போல இல்லை. சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அந்த ரோட்டைப் பற்றி என்ன சொல்ல. அலோர் ஸ்டார் தாண்டினால் இரண்டு பக்கமும் நெல் வயல், கண்ணுக்கு எட்டின மட்டும் பச்சை. நடு வயலில் சுண்ணாம்புக் குன்று தன்னந்தனியாக நிற்கும். அப்புறம் ரப்பர் தோட்டம், அப்புறம் காடு, அப்புறம் எல்லை. ஒவ்வொரு தடவையும் மழை வேறு இடத்தில் பிடிக்கும். எனக்கு அது ஒருநாளும் சலித்ததில்லை. என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான், அது கிடைத்தது.

4

நான் வந்து இரண்டு மூன்று வருசத்தில் என் வீட்டுக்காரி வேலம்மா வந்துசேர்ந்தாள். முத்துவேலும் செல்வியும் இங்கே பிறந்தவர்கள். வண்டி நின்றுபோனால் 'லாரி ரோசாக்ப்பா' என்பார்கள். ரோசாக் என்றால் மலாயில் கெட்டுப்போவது. என் பேச்சைக் கேட்டு அவர்களுக்குச் சிரிப்பு. "அம்புட்டு, எம்புட்டு" என்று செல்வி என்னைப் போலவே பேசிக் காட்டுவாள், நாங்களும் சிரிப்போம். வேலம்மா மட்டும், "சிரிங்க, சிரிங்க. நாளைக்கு ஊருக்குப் போயி ஊமையா நிக்கட்டும்" என்பாள்.

வீட்டில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அண்ணன் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறான். பிள்ளைகளுக்கு ஊர் என்றால் அந்தப் போட்டோதான்.

அம்மா போன சேதி, நான் ஈப்போவுக்கு லோடு கொண்டுபோயிருந்த சமயம் தந்தியாக வந்தது. திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முன்னாலேயே பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கப்பல் ஊர் சேர ஒரு வாரம் ஆகும்.

நம் பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரியும். தகப்பனுக்குக் கொள்ளி வைக்கிறது மூத்தவன், தாய்க்கு இளையவன். அப்பாவுக்கு அண்ணன் வைத்தான். அம்மாவுக்கு நான் வைக்க வேண்டியதையும் அவனேதான் வைத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிணற்றடியில் குளிக்கிறபோது, "இதோட என் தம்பிக்கும் சேர்த்துத் தலைமுழுகிட்டேன். எவனும் அவன் பேரை எங்கிட்ட எடுக்கக் கூடாது" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னானாம். வேலம்மாவின் அண்ணன் எழுதித்தான் இது எங்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு என் கடுதாசிக்குப் பதில் கிடையாது. பொங்கலுக்கு அனுப்பின மணியார்டர் திரும்பி வந்தது. அவன் கோபம் நியாயம்தான். அதற்காக எனக்குச் சோறு இறங்காமல் போனது என்று சொன்னால் பொய். சோறு இறங்கியது, லாரியும் ஓடியது. ஆனால் யாரோடு எதைப் பேசினாலும் "எங்க அண்ணன் என்ன சொல்லும்னா" என்றுதான் எனக்கு ஆரம்பிக்க வரும். அது நிற்கவில்லை.

5

இப்போது சாவடிக் கதைக்கு வருகிறேன்.

சிவகாசியில் லாரிக்குப் பக்கத்தில் யாராவது வாயில் பீடியோடு வந்தால், ஏன் வந்தாய் எதற்கு வந்தாய் என்று கேட்கிற பேச்சே கிடையாது. வாயிலேயே ஒரு தட்டு. பீடி கீழே விழும், மிதித்து அணைத்துவிட்டு அதற்கப்புறம்தான் 'வாங்க, சாப்பிட்டீகளா' என்று கேட்போம். அடி வாங்கினவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது அங்கே மரியாதைக் குறைவே இல்லை. மெட்ராசிலிருந்து வந்த கம்பெனி மாப்பிள்ளை ஒருத்தர் என்னிடம் வாங்கியிருக்கிறார். முதலாளி பக்கத்திலேயே நின்றுகொண்டு, "சரியான ஆளு" என்று என்னைத்தான் சொன்னார். நான் ஓட்டின காலம் முழுக்க என் வண்டியில் ஒரு பொறி விழுந்தது கிடையாது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஆனாலும் மலாயா வந்து அது போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே எல்லாரும் லாரியில் சாய்ந்துகொண்டு சிகரெட் பிடிக்கிறார்கள். நான் தள்ளிப்போய் நின்றுகொள்வேன்.

சீனர் புது வருசம் வந்தது. அதற்கு முந்தின வாரம் பினாங்கு துறையிலிருந்து என் லாரியில்தான் வெடி லோடு ஏற்றி வந்து இறக்கினார்கள். அடுத்த நடை சயாமுக்குப் பால் டின். எல்லையில் வண்டியை நிறுத்தினேன். வெயில் கொளுத்தியது. பிரசித் அப்போதுதான் அந்தச் சாவடிக்குப் புதிதாக வந்தவர், நல்ல உயரம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. வாயில் சிகரெட்டோடு பின்பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார். தார்ப்பாய் தூக்கினதும் சூட்டில் வெடி மருந்து வாடை குப்பென்று என் மூக்கில் அடித்தது.

என் கை என்னைக் கேட்கவில்லை. பட்டென்று அவர் வாயில் விழுந்தது. சிகரெட் எகிறிப் போய் விழ, பின்னாலேயே போய் மிதித்து அணைத்தேன். அணைத்துவிட்டுத் திரும்பி, பழக்க தோசத்தில் சிரிக்கவும் செய்தேன்.

அவருடைய உதட்டில் ரத்தம். சுற்றி நின்ற போலீஸ்காரர்கள் நாலு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி நிறையப் பால் டின். பால் டின் எந்த ஊரில் வெடித்திருக்கிறது?

எல்லை தாண்டுகிற பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் வரைக்கும் ஒரு குடிசையில் உட்காரவைத்திருந்து மலாயாப் பக்கத்துக்குத் துரத்திவிட்டார்கள். தவுக்கே, "அதிகாரியை அடித்தவனைச் சயாமுக்குள் விட மாட்டார்கள். நீ இனிமேல் துறைமுகத்தில் ஓட்டு" என்றார். துறைமுகம் என்றால் கப்பலடியிலிருந்து குடோனுக்கு. இந்தப் பக்கம் கியர் போட்டால் அந்தப் பக்கம் பிரேக். சிவகாசி ரோட்டில் எருமையாவது இருந்தது.

வேலம்மாவுக்குச் சந்தோசம். "நல்லதாப் போச்சு. இனிமேயாவது பொழுதுசாய வீடு வந்து பிள்ளைக மொகத்தைப் பாருங்க" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். வீட்டுக்குச் சீக்கிரம் வந்து பிள்ளைகள் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே விளையாடப் போனார்கள். ஊரை விட்டு, அம்மாவை விட்டு, அண்ணனைப் பகைத்து, கடைசியில் மறுபடியும் ஒரு செக்கில் வந்து மாட்டிக்கொண்டேனே என்று இருந்தது.

6

தவுக்கே கடையில் ஆ செங் என்று ஒரு கிராணி, கணக்குப் பிள்ளை. ஹாட் யாயில் பிறந்தவன், சயாம் பாஷை தண்ணீர்பட்ட பாடு. என் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் அவனே சொன்னான். "வா, போய் மன்னிப்புக் கேட்போம். நீ பேச வேண்டாம், கும்பிடு மட்டும் போடு. நான் பேசுகிறேன்."

போனோம். பிரசித் நாற்காலியில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கும்பிட்டேன். ஆ செங் பேச ஆரம்பித்தான். எனக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. முதலில் அவர் முகம் கல்லாக இருந்தது. ஆ செங் குரலைத் தாழ்த்தி, கையால் பெரிய வட்டம் போட்டு என்னமோ காட்டினான். அதிகாரியின் முகம் அப்படியே இறங்கிவிட்டது. எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். பாஸைத் தானே எடுத்துக் கொடுத்தார். டீ வரவழைத்தார். சிகரெட்டைப் பாக்கெட்டோடு மேசைக்குள் போட்டு மூடினார்.

திரும்புகிற வழியில் கேட்டேன். நாங்கள் பேசிக்கொள்வது சந்தை மலாய்.

"அப்படி என்ன சொன்னே?"

"உன் அண்ணன் பட்டாசு லாரியில் எரிந்து செத்துப்போனார், அதை நீ கண்ணால் பார்த்தாய் என்று சொன்னேன்."

வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். "எங்க அண்ணன் லாரியிலேயே ஏறினது கிடையாதுடா. அதுக்கு மாட்டுவண்டிதான்."

"நல்லதாகப் போயிற்று. அவருக்கு ஒன்றும் ஆகாது."

"சாகடிக்க வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"நீ எப்போது பார்த்தாலும் அண்ணன், அண்ணன் என்கிறாய். அதுதான் வாயில் வந்தது" என்றான் ஆ செங்.

வேலம்மாவிடம் மறைக்க முடியவில்லை. கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உசுரோட இருக்கிற மனுசனைச் செத்தாருன்னு சொல்லி ரோட்டை வாங்கிட்டு வந்திருக்கீக."

"நானா சொன்னேன்? அவன் சொன்னான். செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு நம்மூர்ல சொல்லுவாகள்ல."

"அது தெரியாமச் சொன்னா. தெரிஞ்சே சொன்னா என்ன கெட்டி?"

அன்றைக்கே மஞ்சள் துணியில் காசு முடிந்து இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அந்த முடிச்சு இன்னும் அண்ணன் போட்டோவுக்குப் பின்னால் தொங்குகிறது.

7

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிரசித் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் பொய் சொன்னால் அது லேசில் முடியாது. ஒவ்வொரு நடையிலும் எனக்கு டீ. ஒவ்வொரு நடையிலும் என் அண்ணனைப் பற்றி ஒரு கேள்வி. எத்தனை பிள்ளைகள், எப்படிப்பட்டவர். நான் உள்ளதைச் சொல்வேன். கோபக்காரர், உழைப்பாளி, கடைக்குட்டித் தம்பி மேல் உசிர். சரக்குக் கணக்குப் பார்க்க என்னோடு வண்டியில் வருகிற ஆ செங் அதை மொழிபெயர்ப்பான். அண்ணனைப் பற்றி அவ்வளவு பொறுமையாகக் கேட்க வேறு ஒருத்தரும் எனக்கு இருந்ததில்லை.

அப்படியே ஒருநாள் செத்த மாதம் எது என்று கேட்டுவிட்டார். ஆ செங் திணறிப்போய், அடுத்த மாதம் என்றான். அவருக்கு ஒரே ஆச்சரியம். அவருடைய தாயார் போனதும் அந்த மாதம்தானாம். அங்கே ஒரு புத்தர் கோயில் இருக்கிறது, பிக்குகளுக்குச் சாப்பாடு கொடுத்து, மந்திரம் சொல்லச் சொல்லத் தண்ணீர் ஊற்றினால் அந்தப் புண்ணியம் செத்தவர்களுக்குப் போய்ச் சேரும், உன் அண்ணனுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்கிறேன், நீதான் வந்து ஊற்ற வேண்டும், போட்டோ இருந்தால் கொண்டு வா என்றார்.

வேலம்மா போட்டோவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"எள்ளுந் தண்ணியும் எறைக்கப் போறீகளாக்கும், குத்துக்கல்லா இருக்கிற அண்ணனுக்கு? இத எடுத்தா நான் பொல்லாதவ."

"ஊத்தலைன்னா உண்மை தெரிஞ்சுபோகும். பாஸு போயிரும். ஆ செங்குக்கு வேலை போயிரும்."

"ரோடா, அண்ணனான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

முத்துவேல் பாடம் எழுதிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான். "ஊத்திட்டுத்தான் வாங்களேன்ப்பா. பெரியப்பா செத்தாலும் இருந்தாலும் நமக்கு என்ன? நாம பார்த்ததே இல்லையே."

வேலம்மா அவனை அடிக்கக் கை ஓங்கினாள். நான் தடுத்துவிட்டேன். அவன் திமிராகச் சொல்லவில்லை. கணக்குப் போடுகிற மாதிரிதான் சொன்னான். அதுதான் எனக்கு வலித்தது. நான் சாகடித்தது எங்கோ எல்லையில். இவனுக்கு அவர் பிறந்ததே இல்லை.

8

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். போட்டோ எடுக்கவில்லை. வண்டியில் ஆ செங்கிடம் சொன்னேன். "சொல்லு. எனக்கு வேலை போகும், உனக்கு ரோடு போகும். அவருக்கு மானம் போகும், ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்" என்றான்.

கோயிலில் பிரசித் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய தாயார் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் சோறு, மீன், பழம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு. மீன் இல்லாமல், சோறும் வாழைப்பழமும் வெல்லமும் மட்டும். உங்கள் ஆட்கள் படையலில் மீன் வைக்க மாட்டார்கள் என்று யாரிடமோ விசாரித்துச் செய்தாராம். அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை.

பிக்குகள் ஓத ஆரம்பித்தார்கள். என் கையில் ஒரு சின்னப் பித்தளைக் கெண்டியைக் கொடுத்தார்கள், கீழே ஒரு கிண்ணம். பிரசித் தன் கெண்டியைச் சாய்த்து நூல் மாதிரி ஊற்றத் தொடங்கினார். ஆ செங் என் காதோரம், "யாருக்கு ஊற்றுகிறாயோ அவர் பேரை மனசுக்குள் சொல்ல வேண்டும். வெளியே சொல்ல வேண்டாம்" என்றான்.

வெளியே சொல்ல வேண்டாம் என்றதும் என் கை சாய்ந்துவிட்டது. சீனியம்மா என்று சொன்னேன். எங்க அம்மா பேர். இளையவன் செய்ய வேண்டியது, செய்யாமல் கிடந்தது. கொள்ளி வைக்க வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனேன், இந்தா தண்ணியாவது ஊத்துறேன் என்று மனசுக்குள்ளேயே சொன்னேன். தண்ணீர் ஊற்றி முடிகிறவரைக்கும் அழுதேன். அம்மா போன சேதி வந்தபோது நான் அழுதிருக்கவில்லை.

பிரசித் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். கிண்ணத்துத் தண்ணீரை மரத்தடியில் ஊற்றச் சொன்னார்கள். அவர் தன் அம்மாவுக்கு ஊற்றிய அதே மரத்தடியில் நானும் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் வேலம்மா, "ஊத்தினீகளா?" என்று கேட்டாள்.

"ஊத்தினேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணனுக்கு இல்ல. அம்மாவுக்கு."

சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "எள்ளு?" என்றாள்.

"அங்கன எள்ளு ஏது?"

"அடுத்த தடவை இங்கன இருந்து கொண்டுட்டுப் போங்க."

அதிலிருந்து வருசா வருசம் அந்த மாதத்தில் ஒரு பொட்டலம் கறுப்பு எள்ளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிடுகிறாள். பிரசித் அது எதற்கு என்று கேட்டதில்லை.

9

புதிதாக வந்திருக்கிற அதிகாரி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாஸில் முத்திரை குத்தி நீட்டினார், வந்துவிட்டேன். இனி அந்தச் சாவடியில் எனக்குச் செத்துப்போன அண்ணன் கிடையாது. கருவாடு லோடோடு திரும்பி வருகிறபோது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வழியில் மழை எங்கே பிடித்தது, எங்கே விட்டது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி இதற்கு முன்னால் நடந்ததில்லை.

அண்ணே, யாராவது இதை வாசிச்சா எந்திரிச்சுப் போயிராமக் கேளு. நீ எனக்குக் கிணத்தடியில தலைமுழுகினே. நான் உன்னைச் சயாம்ல எரிச்சே விட்டுட்டேன். இனிமே எனக்கு நீயும் உனக்கு நானும் செத்தவுக. செத்தவனுக்குச் செத்தவன் மேல என்ன கோவம்? அம்மாவுக்கு நான் செய்ய வேண்டியதைப் பிறத்தியார் கோயில்ல வச்சுச் செஞ்சுட்டேன். சரியா தப்பான்னு நீ நேர்ல சொல்லு, கேட்டுக்கிடுதேன்.

சித்திரையில கப்பல் ஏறுறேன். முத்துவேலையும் கூட்டிட்டு வாறேன். உன்னைப் பார்த்ததே இல்லைங்கான், ஒருதடவை கிட்டத்துல பார்க்கட்டும். விருதுநகர் ஸ்டேசனுக்கு வண்டி கட்டிட்டு வா. நீ வரலேன்னாலும் நாங்க நடந்து வந்துருவோம். அந்த ரோடுதான் எனக்குத் தெரியுமே.